மூவராய் வாசிக்கப் புறப்பட்டவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்றே பேராகச் சேர்ந்து ஜாஸ் வாசிக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலரை மேடையில் கேட்டிருக்கிறேன். விரலில் வேகம் இருக்கிறது, தாளம் கெட்டியாக நிற்கிறது, தியரியைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்கிறீர்கள். கிரேடு தேர்வுகளுக்காக நீங்கள் உழைத்த உழைப்பு வாசிப்பில் தெரிகிறது. ஆனால் நிகழ்ச்சி முடிந்து பேசும்போது இரண்டு விதமான பேச்சு காதில் விழுகிறது. "ஸ்டாண்டர்ட் எல்லாம் எண்பது வருஷத்துப் பழைய அமெரிக்கப் பாட்டு சார், அதுல நமக்கு என்ன இருக்கு? சொந்தமா எழுதினதை மட்டும்தான் வாசிப்போம்" என்கிறார்கள் சிலர். "நாங்க எழுதினதை யார் சார் கேட்பாங்க? ரியல் புக்கைத் திறந்து நாலு பாட்டு வாசிச்சுட்டு இறங்கிடுறோம்" என்கிறார்கள் மற்றவர்கள். இரண்டு வழியிலும் போனால் நீங்கள் தேங்கிவிடுவீர்கள் என்று அஞ்சுகிறேன். பழைய பாட்டை வாசிக்கிற காதும் புதிய பாட்டை எழுதுகிற காதும் ஒன்றுதான். ஒன்றைப் பட்டினி போட்டால் மற்றது வளராது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பேட் மெத்தீனியை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேட் மெத்தீனி குரூப்பின் இசைத்தட்டுகளால் அவருக்கு ஃப்யூஷன் கிட்டாரிஸ்ட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சின்தசைசர், வார்த்தையில்லாத குரல்கள், பிரேசிலியத் தாளவாத்தியங்கள் என்று அந்தக் குழு ஒரு பெரிய உலகம். ஆனால் அதன் நடுவே அவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் மட்டும் போதும் என்று வந்துவிடுவார். 1976, 1984, 1990, 2000, 2008 என்று அந்த டிரியோ தட்டுகளை வரிசையாகக் கேளுங்கள். கூட வாசிப்பவர்கள் மாறுகிறார்கள், இவர் திரும்பத் திரும்ப அதே மூவர் அமைப்புக்கு வருகிறார். அவர் அங்கே எதைத் தேடிப் போகிறார் என்பதை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.

முதல் தட்டு 'பிரைட் சைஸ் லைஃப்'. 1975 டிசம்பரில் ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க்கில் ஈசிஎம் நிறுவனத்துக்காகப் பதிவானது. மெத்தீனிக்கு அப்போது 21 வயது. டிரம்ஸில் பாப் மோசஸ், பேஸில் ஜாக்கோ பஸ்டோரியஸ். எட்டு டிராக்குகளில் ஏழு மெத்தீனி எழுதியவை. கடைசி ஒன்று மட்டும் ஆர்னெட் கோல்மனின் இரண்டு மெட்டுகளை ஒன்றாகக் கோத்தது. சொந்தப் பாட்டு மட்டும்தான் என்று அடம்பிடிப்பவர்கள் இந்தத் தட்டைத்தான் எனக்குச் சாட்சி காட்டுகிறார்கள். 21 வயதில் அவர் செய்யவில்லையா, நாங்கள் ஏன் செய்யக் கூடாது என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. ஆனால் அந்த 21 வயதுக்கு முன்னால் நடந்ததையும் பாருங்கள். அவர் மிசூரி மாநிலத்தில் லீஸ் சம்மிட் என்ற ஊரில் வளர்ந்தவர். பக்கத்து நகரம் கான்சாஸ் சிட்டி. பள்ளிப் படிப்பு முடியும் முன்பே அந்த நகரத்துக் கிளப்புகளில் தன்னைவிட மிக மூத்தவர்களோடு வேலைக்கு வாசித்தார். அங்கே யாரும் பதினாறு வயதுப் பையனின் சொந்தப் பாட்டைக் கேட்கவில்லை. அழைத்த ஸ்டாண்டர்டை அழைத்த சுருதியில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். 18 வயதில் மயாமி பல்கலைக்கழகத்தில் கிட்டார் கற்பித்தார், அடுத்த ஆண்டு பெர்க்லியில். 1974-இல் கேரி பர்ட்டனின் குழுவில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அவர் எழுதிய மெட்டுகள் சில, பழைய ரியல் புக்கில் 'எக்சர்சைஸ்' என்ற தலைப்போடு எண்ணிடப்பட்டே அச்சாகியிருக்கின்றன. பழைய பாட்டுகளில் கை பழகியபின், அந்தப் பாட்டுகள் கேட்காத எதை நம் கை கேட்கிறது என்று தேடிப்போனவர் எழுதியவை அவை. 'பிரைட் சைஸ் லைஃப்' மெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த ஸ்வரங்களில் நடக்காமல் அகலத் தாண்டித் தாண்டிப் போகிற மெட்டு அது. டி சுருதிப் பாட்டில் சுருதிக்கு வெளியேயிருந்து ஒரு பி ஃபிளாட் மேஜர் வந்து நிற்கிறது. கேட்பவருக்கு அது இடறவில்லை. ஏனென்றால் எங்கே இறக்கினால் காது ஏற்கும் என்பதை எழுதியவர் நூறு பழைய பாட்டுகளில் பார்த்திருக்கிறார்.

ஜாக்கோவின் கதையும் இதேதான். ஃபிரெட் நீக்கிய பேஸில் அவர் புதிதாக ஒரு மொழியையே உண்டாக்கினார் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம், சரிதான். 1976-இல் தன் பெயரில் வந்த முதல் தட்டை அவர் எதில் தொடங்கினார்? 'டோனா லீ'. சார்லி பார்க்கர் குழு 1947-இல் பதிவு செய்த பாட்டு. ஜாக்கோவின் பேஸ், டான் அலையாஸின் காங்கா, வேறு ஒன்றும் கிடையாது. அந்த 'டோனா லீ'யோ 'இந்தியானா' என்ற 1917-ஆம் ஆண்டுப் பாட்டின் கார்டுகள் மேல் புதிய மெட்டு போட்டு எழுதப்பட்டது. ஒரு பழைய பாட்டு, அதன் முதுகில் ஏறிய ஒரு புதிய பாட்டு, அதுவும் பழையதாகிப்போன பிறகு அதை எடுத்து யாரும் கேட்டிராத ஒலியில் வாசித்த ஒரு இளைஞன். இந்த மூன்று பேரில் யார் ஸ்டாண்டர்ட் வாசித்தார், யார் சொந்தப் பாட்டு எழுதினார் என்று உங்களால் கோடு போட முடியுமா? என்னால் முடியவில்லை.

இப்போது 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' பாட்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். உங்களில் பாதிப் பேர் ரியல் புக்கில் இதைப் புரட்டித் தாண்டிப் போயிருப்பீர்கள். 1939-இல் ஒரு பிராட்வே நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் மெட்டமைத்தார். நாடகம் ஓடவில்லை. பாட்டு மட்டும் நின்றது. ஏன் நின்றது என்று கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பாருங்கள். எஃப் மைனரில் தொடங்குகிறது. மெட்டு நிற்கிற ஸ்வரம் ஏ ஃபிளாட், அதாவது அந்தக் கார்டின் மூன்றாம் ஸ்வரம். அடுத்து பி ஃபிளாட் மைனர். அதே ஏ ஃபிளாட் அங்கே ஏழாம் ஸ்வரமாகிவிடுகிறது, மெட்டோ டி ஃபிளாட்டுக்கு ஏறி மறுபடி மூன்றாம் ஸ்வரத்தில் உட்காருகிறது. இப்படியே ஒவ்வொரு கார்டின் மூன்றாவதும் அடுத்ததன் ஏழாவதாக மாறிக்கொண்டே போகிறது. உங்கள் இடது கை இரண்டே நரம்புகளில், இரண்டே விரல்களில், ஏ ஃபிளாட்டிலிருந்து சி மேஜர் வரை அந்த மொத்தப் பயணத்தையும் காட்டிவிட முடியும். பேஸ் வாசிப்பவர் அடி ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்வார் அல்லவா? அப்புறம் உங்களுக்கு ஆறு நரம்பையும் அழுத்தி அள்ளிப்போட என்ன அவசியம்?

அதன் நடுப்பகுதியின் கடைசியில் ஒரு இடம் இருக்கிறது. பாட்டு ஈ மேஜரில் வந்து நிற்கிறது, மெட்டில் நீண்டு நிற்பது ஜி ஷார்ப். அந்த ஸ்வரம் அசையாமல் அங்கேயே நிற்க, கீழே கார்டு மாறுகிறது. அடுத்த நொடி அதே ஸ்வரம் ஏ ஃபிளாட்டாகி நம்மைத் தொடக்கத்து எஃப் மைனரில் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்கும். இதை விரலால் உணர்ந்த ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொந்தமாக ஒன்றை எழுதாமல் தூங்க முடியாது என்றே நினைக்கிறேன்.

மெத்தீனி இந்தப் பாட்டை 1989 டிசம்பரில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஸ்டூடியோவில் வாசித்தார். மறு ஆண்டு 'குவெஸ்சன் அண்ட் ஆன்சர்' என்று வெளிவந்த அந்தத் தட்டு முழுவதும் ஒரே நாளில் பதிவானது. பேஸில் டேவ் ஹாலண்ட். மைல்ஸ் டேவிஸின் 'பிட்சஸ் புரூ'வில் வாசித்தவர், அதாவது ஃப்யூஷன் பிறந்த அறையிலேயே இருந்தவர். டிரம்ஸில் ராய் ஹெய்ன்ஸ். அவருக்கு அப்போது 64 வயது. நாற்பது வருடங்களுக்கு முன்பு சார்லி பார்க்கரோடு வாசித்தவர். இதே 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' கார்டுகளின் மேல்தான் பார்க்கர் 1947-இல் 'பேர்ட் ஆஃப் பாரடைஸ்' செய்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தத் தட்டில் ராய் ஹெய்ன்ஸை மட்டும் தனியாக ஒருமுறை கேளுங்கள். ஹை-ஹாட்டை இரண்டிலும் நான்கிலும் ஆணி அடித்தாற்போல் மூடிக்கொண்டிருக்க மாட்டார். ஸ்னேரில் சொடக்குப் போட்டாற்போல் ஒரு அடி, ரைடு சிம்பலில் ஒரு நீண்ட வரி, மெட்டு மூச்சு விடுகிற இடத்தில் டாமில் ஒரு பதில். அவர் தாளம் பிடிக்கிறவராக மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. பாட்டு அவர் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் ஊரில் நல்ல மிருதங்க வித்வானை 'பாட்டுக்கு வாசிக்கிறார்' என்று பாராட்டுவார்களே, அதேதான் இது. உங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் தங்கைக்கோ தம்பிக்கோ அந்த ஸ்டாண்டர்டின் மெட்டைப் பாடத் தெரியுமா? தெரியாது என்றால் இன்னும் மேடையேறாதீர்கள்.

அந்தத் தட்டின் தலைப்புப் பாட்டு மெத்தீனி எழுதியது. மூன்றடித் தாளத்தில் ஓடுகிற மைனர் மெட்டு. கெர்னின் பாட்டுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதையை அந்த மூவரும் இதற்கும் கொடுக்கிறார்கள். முதலில் மெட்டைத் தெளிவாகச் சொல்கிறார்கள், பிறகு அதன் உருவத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள், மெட்டுக்குத் திரும்புகிறார்கள். நீங்கள் சொந்தப் பாட்டு வாசிக்கும்போது எனக்குக் குறையாகப் படுவது இதுதான். ஸ்டாண்டர்டை வாசிக்கையில் அதன் பார் கணக்கைக் கண்ணும் கருத்துமாகக் காக்கிறீர்கள். சொந்தப் பாட்டு வந்ததும் ஒரே கார்டில் ஒரு ரிஃப், அதன் மேல் கிட்டார் வாசிப்பவருக்கு மூச்சிருக்கும் வரை சோலோ. எழுதியவரே தன் பாட்டைப் பாட்டாக மதிக்காவிட்டால் நாங்கள் எப்படி மதிப்போம்?

2000-இல் மெத்தீனி, லேரி கிரனேடியர், பில் ஸ்டூவர்ட் மூவரும் வெளியிட்ட டிரியோ தட்டு இந்த விஷயத்தில் ஒரு பாடப்புத்தகம். அதில் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' இருக்கிறது. கோல்ட்ரேன் 1959-இல் அதைப் பறக்கிற வேகத்தில் பதிவு செய்தார். அப்போது பியானோவில் இருந்த டாமி ஃப்ளானகன் போன்ற பெரிய கலைஞரே அந்தச் சோலோவில் திணறியது எல்லோரும் அறிந்த செய்தி. அதனால் உலகமெங்கும் கிட்டார் மாணவர்கள் அதை வேகப் பந்தயமாக ஆக்கிவிட்டார்கள். மெத்தீனி வேகத்தைக் குறைத்துவிட்டார். போசா நோவா போல இளகிய தாளம். அப்போதுதான் பி, ஜி, ஈ ஃபிளாட் என்று சம தூரத்தில் நிற்கும் மூன்று சுருதிகளுக்கு இடையே அந்தப் பதினாறு பார் பாட்டு எவ்வளவு அழகாகச் சுற்றுகிறது என்பது காதுக்குத் தெரிகிறது. அது ஒரு நல்ல மெட்டு என்பதே பலருக்கு அங்கேதான் தெரியவந்திருக்கும்.

அதே தட்டில் வெய்ன் ஷார்ட்டரின் பாட்டு ஒன்று, 1960-ஆம் ஆண்டு பிராட்வே நாடகப் பாட்டு ஒன்று, புதிதாக எழுதியவை சில. கடைசியில் 'லோன் ஜாக்', 'டிராவல்ஸ்' என்ற இரண்டு. இவை கீபோர்டு கலைஞர் லைல் மேஸோடு சேர்ந்து குரூப்புக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் உண்டாக்கியவை. கீபோர்டு எல்லாம் கழன்று, மூன்று பேரின் கையில் எலும்பாக நிற்கின்றன. எலும்பு நன்றாக இருப்பதால் நிற்கின்றன. அதே ஆண்டு வந்த நேரடி நிகழ்ச்சித் தட்டில் 'பிரைட் சைஸ் லைஃப்' வருகிறது, பின்னர் 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' வருகிறது. 21 வயதில் பதிவு செய்த சொந்தப் பாட்டும் 1939-ஆம் ஆண்டுப் பாட்டும் ஒரே தட்டில். இரண்டையும் அவர் ஒரே கண்ணால் பார்க்கிறார். நான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

மூவர் அமைப்பைப் பற்றி இன்னும் ஒன்று. பியானோ இல்லாத இடத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று கிட்டார் வாசிப்பவர்கள் தவிக்கிறீர்கள். லூப்பர், நாலைந்து பெடல், டிலே, அதற்கு மேல் ரிவர்ப். மெத்தீனியும் டிலே போடுகிறவர்தான், அது அவர் ஒலியின் ஒரு பகுதி. ஆனால் அவருக்கு முன்னோடியான ஜிம் ஹாலைக் கேளுங்கள். 'பிரைட் சைஸ் லைஃப்' பதிவான அதே 1975-இல், டொரான்டோவில் ஒரு கிளப்பில் டான் தாம்சனும் டெர்ரி கிளார்க்கும் கூட இருக்க, அவர் வாசித்தவை 'ஜிம் ஹால் லைவ்' என்று வந்தன. அதில் எல்லாம் மற்றவர்கள் எழுதிய பாட்டுகள்தான். ஆம்பின் ஒலி மெல்லியது, பிக் நரம்பில் படுகிற சத்தம்கூடக் கேட்கும். நாலு பார் ஒன்றும் வாசிக்காமல் இருப்பார். அந்த இடத்தில் பேஸ் முன்னால் வரும், டிரம்ஸின் பிரஷ் ஓசை எழும், கார்டு என்ன என்பது நம் மனசுக்குள் தானாக ஓடும். 1999-இல் ஜிம் ஹாலும் மெத்தீனியும் சேர்ந்து ஒரு தட்டே வெளியிட்டார்கள். வாசிக்காமல் இருக்கத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ள மெத்தீனிக்கு ஆசை இருந்தது.

பழைய அமெரிக்கப் பாட்டில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன். ஸ்டாண்டர்டுகள் வானத்திலிருந்து விழவில்லை. பெரும்பாலானவை நாடகப் பாட்டு, சினிமாப் பாட்டு. ஜான் ஸ்கோஃபீல்டு 2003 டிசம்பரில் நியூயார்க் புளூ நோட்டில் ஸ்டீவ் ஸ்வாலோ, பில் ஸ்டூவர்ட் இருவரோடும் பதிவு செய்த 'என்ரூட்' தட்டைக் கேளுங்கள். தன் கரகரப்பான சொந்தப் பாட்டுகளுக்கு நடுவே 'ஆல்ஃபி' என்ற பாட்டை எடுத்து உருகி உருகி வாசிப்பார். அது 1966-ஆம் ஆண்டுப் படத்துக்காக பர்ட் பாக்கராக் மெட்டமைத்தது. சினிமாப் பாட்டை ஜாஸாக வாசிப்பதில் தாழ்வு ஒன்றும் இல்லை என்றால், நம் ஊரில் ஜாஸ் வாசிக்கிறவர்கள் ஏன் நம் பாட்டுகளை இந்தக் கவனத்தோடு தொடுவதில்லை? 'இளைய நிலா பொழிகிறதே'யின் தொடக்கத்தில் சந்திரசேகர் வாசித்த அந்தக் கிட்டாரைப் பழகாத கிட்டாரிஸ்ட் தமிழ்நாட்டில் கிடையாது. 1982-லிருந்து எல்லோரும் அந்தத் தொடக்கத்தை மட்டும் வாசித்துக் கைதட்டல் வாங்கிவிட்டு நிறுத்திவிடுகிறோம். பாட்டின் கார்டுகளை முழுசாக எழுதி, பல்லவி சரணம் முழுவதையும் உருவமாகக் கொண்டு, மூவரும் ஆளுக்கு இரண்டு சுற்று வாசித்துப் பாருங்கள். சபையின் பழைய நினைவைச் சுரண்டிக் கைதட்டல் வாங்குவதற்காக அல்ல, இளையராஜா அந்தக் கார்டுகளை ஏன் அப்படி வரிசைப்படுத்தினார் என்று தெரிந்துகொள்வதற்காக. இதைச் செய்கிறவர்கள் இன்னொரு பக்கம் 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' வாசிக்கவும் வேண்டும். ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று நான் சொல்லவில்லை.

கர்நாடக இசையில் ஊறி, பெர்க்லியில் படித்து, சொந்தப் பாட்டு எழுதுகிற ஆள் நமக்கே இருக்கிறார், கிட்டார் பிரசன்னா. அவரும் பியானோவில் விஜய் ஐயரும் தபலாவில் நிதின் மிட்டாவும் சேர்ந்து 2011-இல் வெளியிட்ட 'தீர்த்தா'வில் பேஸும் கிடையாது, டிரம்ஸும் கிடையாது. மூவர் என்றால் இந்த மூன்று வாத்தியம்தான் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

எழுதியவர் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'குவெஸ்சன் அண்ட் ஆன்சர்' தட்டின் முதல் பாட்டு 'சோலார்'. மைல்ஸ் டேவிஸ் பெயரில் அறியப்பட்டது, அவருடைய கல்லறையில்கூட அதன் தொடக்க ஸ்வரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த மெட்டு சக் வெய்ன் என்ற கிட்டார் கலைஞர் 'சன்னி' என்ற பெயரில் 1946-லேயே பதிவு செய்தது. அந்தப் பதிவு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு மனிதர் உண்டாக்கியது இன்னொருவர் கல்லறையில் இருக்கிறது. எனக்கு இது ஆறாத வருத்தம். நாளைக்கு உங்கள் பாட்டுக்கும் இந்தக் கதி வரலாம். ஆகவே மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர் பெயரையும் ஆண்டையும் மைக்கில் சொல்லுங்கள். அது கெர்ன் ஆனாலும் சரி, இளையராஜா ஆனாலும் சரி, உங்கள் பேஸ் வாசிக்கிற தம்பி போன வாரம் எழுதியது ஆனாலும் சரி.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. செயலியில் பின்னணி டிராக்கைப் போட்டுக்கொண்டு தனித்தனியே பழகாமல், ஒரே அறையில், ஆம்பைத் தணித்து வைத்துக்கொண்டு மூவருமாக வாசியுங்கள். தாளைப் பார்க்காமல் வரும்வரை விடாதீர்கள். பேஸ் வாசிப்பவர் மெட்டை வாசிக்கட்டும், கிட்டார் அடி ஸ்வரத்தைப் பிடிக்கட்டும், டிரம்ஸ் தனியாக ஒரு சுற்று முழுக்க வாசித்துச் சரியாக முதல் பாரில் வந்து இறங்கட்டும். அதன் பிறகு அந்தக் கார்டுகளின் மேலேயே உங்களில் ஒருவர் புதிய மெட்டு எழுதுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். தேதியையும் இடத்தையும் தெரிவியுங்கள், கேட்க வருகிறேன். என்னோடு இன்னும் சிலரையும் அழைத்து வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நிகழ்ச்சிகளுக்கு வரும் ஒரு ரசிகன்